கிரைண்டர் வயர்: ஜாயிண்ட் போடுவதா, முழுவதும் மாற்றுவதா?

எங்கள் வீட்டு 2 லிட்டர் கிரைண்டருக்கு வயது 14. கல்லும் மோட்டாரும் இன்றும் சரியாக ஓடுகின்றன. வயர் மட்டும் தளர்ந்துவிட்டது. இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் அதன் மேலுறை இறுகி வெடித்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் எலி கடித்து உள்ளிருந்த பழுப்பு நிற வயர் தெரிந்தது. இந்த நிலையில் இருக்கும் வயரை வெட்டி இணைத்துக்கொள்ளலாமா, முழுவதும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு நான் இரண்டு வழிகளையும் செய்துபார்த்த பிறகே விடை கண்டேன். சமையலறைக் கருவிகளுக்கு, அதிலும் தண்ணீரோடு புழங்கும் கருவிகளுக்கு, முழுவதும் மாற்றுவதே சரி என்பது என் முடிவு.

செலவையும் நேரத்தையும் பொறுத்தவரை ஜாயிண்ட் எளிது என்பதில் ஐயமில்லை. எங்கள் தெருவுக்கு வரும் எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில், கடித்த இடத்தை வெட்டி, மூன்று வயர்களையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டு 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். பின்னர் முழு வயரையும் மாற்றியபோது, 3 மீட்டர் கேபிளும் புதிய பிளக் டாப்பும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்தன. ஆனால் கிரைண்டரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றி மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது போயிற்று. பார்வைக்கு எது அழகு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஜாயிண்ட் என்றாலே சூடாகும், கருகும் என்றுதான் பலரும் எச்சரிப்பார்கள். அது உண்மைதான், ஆனால் எந்தக் கருவிக்கு என்று பார்க்க வேண்டும். சரியாக இறுகாத ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், விரல் நுனி அளவே உள்ள அந்த இடத்தில் ஏழரை வாட் வெப்பம் உண்டாகும். டேப்புக்குள் அடைபட்ட அந்தச் சூடு பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். 1500 வாட் கெட்டிலுக்கும் இதே கதைதான், கொஞ்சம் குறைவாக. எங்கள் கிரைண்டரின் மோட்டாரோ 150 வாட். அது இழுப்பது முக்கால் ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே அதே இணைப்பில் உண்டாகும் வெப்பம் 0.05 வாட்டைக்கூட எட்டாது. எலக்ட்ரீஷியன் போட்ட ஜாயிண்ட்டை நான் பலமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் சுடவில்லை. சுடாததால் அது நல்ல ஜாயிண்ட் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைதான் தவறாயிற்று.

ஏழு மாதம் கழித்து ஒருநாள், மாவு அள்ளிக்கொண்டிருந்த அம்மா, "கை சுர்ருங்குதுப்பா" என்றார். வெளியுடல் முழுவதும் எவர்சில்வராலான பழைய மாடல் அது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மங்கலாக எரிந்தது. பிளக்கை உருவிவிட்டு ஜாயிண்ட்டைப் பிரித்தேன். டேப்பின் பசை இளகிக் கறுப்பு மெழுகாக விரலில் ஒட்டியது. சுற்றுகளின் இடுக்கில் மாவுத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸும் அது திரும்பிச் செல்லும் நியூட்ரலும் முறுக்குக் குலையாமல் இருந்தன. மின்கசிவைத் தரைக்குக் கடத்த வேண்டிய, பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் மட்டும், களிம்பேறிய செம்பு இழைகளோடு, தனியே விலகிக் கிடந்தது.

பேஸிலோ நியூட்ரலிலோ இணைப்பு விட்டுப்போனால் கருவி நின்றுவிடும், அல்லது பொறி பறக்கும். நாமும் உடனே கவனிப்போம். எர்த் இணைப்பு விட்டுப்போனால் எதுவுமே நடக்காது. கிரைண்டர் முன்போலவே ஓடும், மாவு முன்போலவே அரைபடும். மோட்டாருக்குள் ஈரம் புகுந்து மின்கசிவு உண்டாகும் நாளில், அந்தக் கசிவு எர்த் வழியாகப் போக முடியாமல், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் வழியாகப் போகும்போதுதான் தெரியவரும். மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 16 ஆம்பியர் எம்சிபி, உயிரைப் பறிக்கப் போதுமான 0.1 ஆம்பியரை மின்னோட்டமாகவே கண்டுகொள்ளாது. மின்கசிவை உணர்ந்து அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி பொருத்திய வீடுகளில் அது துண்டித்துவிடும், ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் அது இல்லை. எங்கள் வீட்டிலும் அப்போது இல்லை.

எர்த் மட்டும் ஏன் முதலில் விட்டது என்று யோசித்தபோது ஜாயிண்ட் போட்ட முறை புரிந்தது. மூன்று வயர்களையும் ஒரே நீளத்துக்கு வெட்டாமல், எர்த்தைச் சற்றுக் குட்டையாக விட்டிருந்தார்கள். கிரைண்டரை நகர்த்தும்போதெல்லாம் இழுவை முழுவதும் அந்தக் குட்டை வயரின் மேல் விழுந்திருக்கிறது. முறையான வேலையில் இது நேர்மாறாக இருக்கும்: பிளக் டாப்புக்குள்ளும் கருவிக்குள்ளும் எர்த் வயரைச் சற்று நீளமாகவே விடுவார்கள், வயர் பிய்ந்து வந்தால் அதுவே கடைசியாகக் கழல வேண்டும் என்பதற்காக. த்ரீ பின் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். செருகும்போது முதலில் தொடும், உருவும்போது கடைசியில் விலகும். இத்தனை கவனத்தோடு வடிவமைத்த ஒரு பாதுகாப்பு, நடுவில் போட்ட ஒரு ஜாயிண்ட்டால் வீணாகிறது. ஜாயிண்ட்டின் பராமரிப்புச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான்: போட்ட நாளிலிருந்து யாராவது அதைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் சோதிப்பதில்லை.

சோல்டர் வைத்து (உலோகத்தை உருக்கி ஒட்டி), சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் இந்தக் குறை நீங்காதா என்று கேட்கலாம். பெருமளவு நீங்கும். மூன்று இணைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி ஏற்ற இறக்கமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லீவும் மேலே பெரிய ஸ்லீவும் இட்டு, மிக்ஸி வயர் ஒன்றை அப்படி இணைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டாக நன்றாக இருக்கிறது; பத்து ஆண்டு தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. சோல்டர் ஏறிய பகுதி கம்பிபோல் விறைத்துவிடுவதால், அந்த விறைப்பு முடியும் விளிம்பில் வயர் திரும்பத் திரும்ப மடங்கி இழைகள் அறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் கனெக்டர்கள் சுவர்ப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் வயர்களுக்கு நல்லவை. இழுபடும் சமையலறை வயருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயர் பிளக்கை ஒட்டியே கெட்டிருந்தால் இந்த விவாதமே தேவையில்லை. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பிளக் டாப் மாட்டினால் போதும். வயர் அரை அடி குறையும், அவ்வளவுதான். ஆனால் மிச்சமுள்ள உறையை மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கிய இடத்தில் வெடிப்பு தெரிந்தால் முழு வயருமே காலாவதி ஆகிவிட்டது என்று பொருள்.

முழுவதும் மாற்றுவதிலும் இரண்டு வழிகள் உண்டு. பிளக்கோடு வார்த்து வரும் ரெடிமேட் வயரில் திருகு தளரும் தொல்லை இல்லை. ஆனால் விலை மலிவான சிலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அதை வாங்கக் கூடாது. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள த்ரீ கோர் கேபிளே என் தேர்வு. கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் 1 சதுர மில்லிமீட்டரும் 6 ஆம்பியர் பிளக்கும் தாராளம். கெட்டில், இண்டக்ஷன் போன்றவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். ரைஸ் குக்கர்போல வயரைத் தனியே கழற்றக்கூடிய கருவிகளுக்கு அதே வகை ரெடிமேட் வயரே பொருத்தம். வடிவம் ஒத்துப்போகிறது என்பதற்காகக் கணினியின் மெல்லிய வயரை அதில் செருகிவிட வேண்டாம்.

கிரைண்டரில் வேலை தொடங்கும் முன் சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. பிளக்கையே உருவிவிட வேண்டும், ஏனெனில் வீட்டு வயரிங்கில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருக்கக்கூடும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரின் முனைகளைக் கையால் தொடக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய வயர் எங்கெங்கே சேர்ந்திருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றினேன். வயர் நுழையும் துளையில் இருந்த ரப்பர் புஷ் காய்ந்துபோயிருந்ததால் அதையும் மாற்றினேன். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே புதிய உறையை அறுத்துவிடும். எர்த் வயரை மற்றவற்றைவிட ஓர் அங்குலம் நீளமாக விட்டு, துரு சுரண்டிய இடத்தில் வாஷர் வைத்து உடலோடு முடுக்கினேன். பிளக்கிலும் அப்படியே, திருகின் கீழ் போகும் முனைகளில் சோல்டர் வைக்காமல் முறுக்கி மட்டும் செருகினேன், ஏனெனில் சோல்டர் நாளடைவில் அமுங்கித் திருகைத் தளரவிடும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையை எவர்சில்வர் உடலிலும் வைத்தபோது 0.3 ஓம் காட்டியது, அதாவது எர்த் இணைப்பு அறுபடாமல் இருக்கிறது. அந்த அளவும் பெரும்பாலும் மீட்டரின் சொந்த வயர்களுடையதே. ஆனால் இந்தச் சோதனை பிளக் வரைக்கும்தான் உண்மை சொல்லும். சுவர் சாக்கெட்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனியே பார்த்துக்கொண்டோம், அதே நாளில் ஆர்சிசிபியும் பொருத்திக்கொண்டோம்.