சூளைக்குப் போகாத கல்: அழுத்தப்பட்ட மண் கல் குறித்து ஒரு மதிப்பீடு

மாற்றுக் கட்டுமானப் பொருள் என்ற பேச்சு எழும் இடமெல்லாம் இன்று முதலில் வரும் பெயர் ‘சி.எஸ்.இ.பி.’ என்று சுருக்கமாக வழங்கும் அழுத்தப்பட்ட மண் கல். சலித்த மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, சிறிது ஈரத்தோடு இரும்பு அச்சில் இட்டு அழுத்தி, சுடாமல் நீர் தெளித்து முற்றவைத்து எடுக்கப்படும் கல் இது. திண்டிவனம் பக்கத்தில் ஓர் ஓவியரின் பணிக்கூடத்தையும் அதையொட்டிய சிறு வீட்டையும் இந்தக் கல்லால் கட்டிய அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கல் நல்ல கல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செங்கல்லைப் போல லாரியில் வரவழைத்து இறக்கிக்கொள்ளும் சரக்காக இதை நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கொடுக்கும் பணத்தில் பாதிதான் கல்லுக்குப் போகிறது, மீதி செய்முறைக்குப் போகிறது.

ஆரோவில்லின் கண்டுபிடிப்பு என்றே நம் பக்கத்தில் பலர் இதை நினைக்கிறார்கள். ஆனால் 1950-களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், சின்வா என்ற வீட்டுவசதி ஆய்வு மையத்தில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘சின்வா-ராம்’ என்ற கைநெம்புகோல் கருவிதான் இத்துறையின் தொடக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய, கிராமப்புறத்துக்கான தொழில்நுட்பத்தை ஆராயும் அஸ்திரா குழுவினர் நம் மண்ணுக்கு ஏற்ற ஆய்வுகளைச் செய்தார்கள். மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவோடு 1989-இல் தொடங்கி, 2004 முதல் ஆரோவில் புவி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, ‘ஆரம் 3000’ என்ற அழுத்தக் கருவியையும் அதற்குரிய பலவகை அச்சுகளையும் உலகின் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. சுகாசினி ஐயர் வடிவமைத்த ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-இல், மண் கட்டடங்களுக்குப் பேர்போன எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருதைப் பெற்றது. அதன் பூசப்படாத மண் கல் சுவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி நிற்கின்றன. இந்தக் கல் மழையில் கரைந்துவிடாதா என்று கேட்பவர்களை நான் அங்கே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வதோடு சரி.

நாங்கள் பயன்படுத்தியது 240 மில்லிமீட்டர் சதுரமும் 90 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கல். ஒன்றின் எடை ஏறத்தாழ பத்து கிலோ என்பதால் ஒரு கையால் எடுத்து வைக்கும் பழக்கமுள்ள கொத்தனார்கள் முதல் வாரம் முழுவதும் முணுமுணுத்தார்கள். விளிம்புகள் கூர்மையாகவும் பக்கங்கள் வழவழப்பாகவும் இருக்கும். அச்சிலிருந்து வருவதால் நீள அகலம் கல்லுக்குக் கல் மாறுவதில்லை. உயரம் மட்டும் அச்சில் கொட்டும் மண்ணின் அளவைப் பொறுத்து ஓரிரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பக்குவமாகச் செய்த கல் உலர்ந்த நிலையில் 5 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பது கிலோ சுமையைத் தாங்கும் வலிமையைத் தொடும். இந்தியத் தர அளவீட்டின்படி சுட்ட செங்கல்லின் தொடக்க வகுப்புக்கு 3.5 மெகாபாஸ்கல் போதும். ஆனால் மண் கல் நன்றாக நனைந்தால் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். எனவே விற்பவர் சோதனை அறிக்கையை நீட்டும்போது அது உலர்ந்த கல்லின் எண்ணா, நனைந்த கல்லின் எண்ணா என்று கேட்பது அவசியம்.

கல்லின் தரத்தைத் தீர்மானிப்பது கருவியைவிட மண்தான். மேல்மண்ணில் வேரும் மக்கும் இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். சிமென்ட் கலப்பதற்கு மணல் பாதியளவும், களி ஐந்தில் ஒரு பங்கும், எஞ்சியது சரளையும் வண்டலுமாக இருக்கும் மண் ஏற்றது என்பார்கள். ஒரு கண்ணாடிச் சீசாவில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கித் தெளியவைத்தால் மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து இந்த விகிதத்தை ஓரளவு காட்டிவிடும். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும், மனை வாங்கும் முன்பே செய்துபார்க்கக்கூடியது. ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண்ணுக்கு வாய்த்த பேறு எல்லா ஊருக்கும் வாய்க்காது. கரிசல் மண் நீரில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் இயல்புடையது. அதற்குச் சிமென்ட் ஒத்துவராது, சுண்ணாம்புதான் ஓரளவு கட்டுப்படுத்தும். எங்கள் மனையின் மண்ணில் களி சற்றுக் கூடுதலாக இருந்ததால் மணல் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மணலின் விலை மதிப்பீட்டில் இல்லாத செலவாக வந்து சேர்ந்தது.

அழுத்தும் வேலையில் எல்லாம் ஈரப் பதத்தில் இருக்கிறது. கலந்த மண்ணைக் கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட வேண்டும். நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. உடையாமல் சப்பையானால் நீர் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் நீர் போதவில்லை. நீர் பட்டதும் சிமென்ட் இறுகத் தொடங்கிவிடுவதால், கலந்த மண்ணை மதிய உணவுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. அழுத்திய கல்லை முதல் இரண்டு நாள் காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, அடுத்த நான்கு வாரம் நீர் தெளித்து வர வேண்டும். இந்த நான்கு வாரங்கள்தான் வணிகத்தோடு மோதுகின்றன. மனையில் அழுத்திய கல் போதாமல் போனபோது, மாவட்டத்திலுள்ள ஒரு விற்பனைக் களத்தில் கொஞ்சம் கல் வாங்கினோம். பார்வைக்கு ஒரே நிறம், ஒரே அளவு. அவற்றில் சில, விரல் நகத்தால் சுரண்டினாலே விளிம்பில் உதிர்ந்தன. இரண்டு வாரத்திலேயே வெயிலில் காயப்போட்ட கல் அது என்பது விசாரித்த பிறகு தெரியவந்தது. வாங்குபவர் எந்தத் தேதியில் அழுத்திய கல் என்பதைக் களத்தில் எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். சில கற்களை ஓர் இரவு நீரில் ஊறவைத்து மறுநாள் விளிம்பைத் தேய்த்தும் பார்க்கலாம்.

சுற்றுச்சூழல் கணக்கை விளம்பரத் தாள்கள் சொல்வதைவிட நிதானமாகப் போட வேண்டும். செங்கல் சூளை வயலின் வளமான மண்ணைத் தின்கிறது. சுடுவதற்கு விறகும் நிலக்கரியும் கேட்கிறது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டிய பள்ளங்கள் எவ்வளவு தூரம் போயின என்பதும், உரிமமின்றி இயங்கிய சூளைகள் 2021-இல் மூடப்பட்டதும் நாம் அறிந்தவை. மண் கல்லில் அந்த நெருப்பு இல்லை. ஆனால் சிமென்ட் இருக்கிறது, அதுவும் சுட்டெடுத்த பொருள்தான். பத்து கிலோ கல்லில் அரை கிலோ சிமென்ட் என்று வைத்தால், 24 சென்டிமீட்டர் சுவரின் ஒரு சதுர மீட்டருக்குச் செல்லும் நாற்பது கற்களில் இருபது கிலோ சிமென்ட் இருக்கிறது. அதே சுவரின் இரு பக்கமும் வழக்கமான சிமென்ட் பூச்சுப் பூசினால் மேலும் எட்டு கிலோ ஏறும். மண் கல்லால் கட்டிவிட்டு அதன்மேல் பூச்சும் பட்டியும் பெயின்ட்டும் அடிக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். எதற்காக இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை. மண்ணைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்தாலும் ஆதாயத்தின் ஒரு பகுதி டீசலில் கரைந்துவிடும். ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பில் அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணையே கல்லாக்கிக் கட்டியது சரியான முன்மாதிரி. எங்கள் மனையில் தோண்டிய பள்ளம் மழைநீர்த் தொட்டியாயிற்று.

பூச்சு இல்லாத சுவர் என்றால் கட்டுமானத்தின் ஒழுங்கு முழுவதும் வெளியே தெரியும். ஒரு வரி கோணினாலும் மறைக்க இடமில்லை. மின் குழாய்க்காகப் பின்னர் சுவரைக் கொத்தும் நம் வழக்கம் இங்கே செல்லாது. எந்த இடத்தில் சுவிட்ச், எந்த இடத்தில் விளக்கு என்பதைச் சுவர் எழும் முன்பே வரைபடத்தில் முடித்துவிட வேண்டும். கலவையும் வேறு: சிமென்ட்டோடு அதே மண்ணையும் மணலையும் சேர்த்த கலவைதான் கல்லின் நிறத்தோடும் வலிமையோடும் ஒத்துப்போகிறது. கெட்டியான சிமென்ட் கலவை வைக்கிறேன் என்று வாதாடிய மேஸ்திரியைச் சம்மதிக்க வைப்பதற்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பழகிய பிறகு அவரே இணைப்புகளைத் தேய்த்துச் சீராக்குவதில் காட்டிய அக்கறை வேறு எந்த வேலையிலும் நான் காணாதது.

பணிக்கூடத்துக்கு இந்தச் சுவர் எப்படி என்ற கேள்விக்கு விடை கலவையானது. பளபளப்பில்லாத செம்மண் பரப்பு ஒளியைக் கண்ணை உறுத்தாமல் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த ஒளியில் செம்மைச் சாயல் ஏறியிருப்பதால் நிறத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய ஓவியருக்கு அது இடையூறு. ஆகவே வடக்குச் சாளரத்துக்கு எதிர்ச் சுவரில் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். உரசினால் மெல்லிய தூசு வரும்; ஈரமான ஓவியங்களைச் சுவரில் சாய்த்து வைக்க முடியாது. படம் மாட்டுவதற்குக் கல்லின் விளிம்பருகே துளையிட்டால் சில்லு பெயர்கிறது. கட்டும்போதே இரண்டு வரிக்கிடையில் மரச்சட்டம் பதித்தது இதற்குத் தீர்வாயிற்று. மண் சுவர் இயற்கையான ஏசி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 24 சென்டிமீட்டர் சுவர் பகல் வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவே; மேலே வெறும் கான்கிரீட் தளத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, இரவில் சாளரத்தையும் அடைத்துவைத்தால் சுவர் என்ன செய்யும்?

மழைக்கு அஞ்ச வேண்டிய இடம் சுவரின் நடுப்பகுதி அல்ல, அடிப்பகுதி. கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறிக்கும் உயரம் வரை கருங்கல்லில் அடிமட்டம் எழுப்பி, அதன்மேல்தான் மண் கல்லைத் தொடங்கினோம். கூரைத் தாழ்வாரத்தையும் நீட்டினோம். தாழ்வாரம் சிறுத்திருந்த மேற்குப் பக்கத்தில் மட்டும் முதல் மழைக்காலத்திலேயே கீழ் வரிகளின் மேற்பரப்பு சற்று அரித்துச் சொரசொரப்பாயிற்று.

விலையை ஒப்பிடும்போது கல் எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது. இந்த ஒரு கல்லின் கன அளவு வழக்கமான செங்கல்லைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அந்தக் கணக்கில் கல்லுக்கு ஆகும் செலவு செங்கல்லுக்கு நெருக்கமாகவே வந்தது. பூச்சும் பெயின்ட்டும் இல்லாததால் மிஞ்சியதைக் கூலி எடுத்துக்கொண்டது. பணம் மிச்சமாகும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். நல்ல செம்மண் உள்ள மனையும், மூன்று நான்கு மாதம் பொறுமையும், தினமும் களத்தில் நிற்க ஒருவரும் இருந்தால் தயங்காமல் மனையிலேயே அழுத்துங்கள். அந்த ஒருவரையும் ஒரு கொத்தனாரையும் வேலை தொடங்கும் முன் ஆரோவில் புவி நிறுவனம் நடத்தும் பயிற்சிக்கு அனுப்புங்கள். கரிசல் பூமியில் கட்டுபவர்களுக்கும் அடுக்குமாடி நெரிசலில் மண்ணைக் கொட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கும் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லே மேல் என்பது என் கருத்து.