"செய்தியாளர்கள் தேவை" விளம்பரத்தை நம்பி 38,500 ரூபாய் கொடுத்தேன். நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

இன்று காலை அதே விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. சேனல் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மைக் பிடித்த அதே பெண்ணின் படம், "மாவட்டம்தோறும் செய்தியாளர்கள் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை" என்ற அதே வரி. பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது. பெயரைப் போட்டால் வழக்கு என்று மிரட்டுவார்கள், அதனால் போடவில்லை. சென்னையில் ஆபீஸ் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு யூடியூப் செய்தி சேனல், கூடவே பெயருக்கு ஒரு மாதப் பத்திரிகை. அவர்களிடம் நான் இழந்தது 38,500 ரூபாய்.

நான் திண்டுக்கல் பக்கம். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இரண்டு வருஷமாகப் பத்திரிகைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பதிலே வராது. இந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு, எங்கள் ஊர் டவுன் பஸ் நின்றுபோனதைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "ஆசிரியர் பேசுறேன்மா" என்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஸ்கூல் புள்ளைங்க நாலு கிலோமீட்டர் நடந்து போறாங்கங்கிறதை ஏன் கடைசி வரியில ஒளிச்சு வச்சிருக்கீங்க? அதுதானம்மா செய்தி. அதைத் தூக்கி முதல் வரியா வைங்க."

அவர் சொன்னது சரி. இன்றைக்கு யோசித்தாலும் சரிதான். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு வருஷத்தில் நான் எழுதியதைக் கடைசி வரிவரை படித்த ஒரே ஆள் அவர். திருத்தி அனுப்பினேன். "இப்பதான் நிருபர் மாதிரி இருக்கு" என்றார். அன்று ராத்திரி அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்தார்.

பதிவுக் கட்டணம் 3,500. பயிற்சிக்கு 15,000. லோகோ போட்ட மைக்குக்கு 12,000, அது திரும்பத் தரும் டெபாசிட் என்றார்கள். "அரசு அங்கீகார அட்டை" வாங்கித் தர 8,000. பன்னிரண்டு நாளில் 38,500 ரூபாய் போனது. தயங்கும்போதெல்லாம் அசோகச் சின்னம் போட்ட ஏதாவது ஒரு சான்றிதழை பிடிஎஃப் ஆக அனுப்புவார்கள்.

பத்து நாள் என்ற பயிற்சி மூன்று நாள் ஜூமில் முடிந்தது. பிளாஸ்டிக் அடையாள அட்டையும் வண்டிக்கு 'பிரஸ்' ஸ்டிக்கரும் வந்தன. மைக் வரவில்லை. பஸ் செய்தி வெளியாகவில்லை, அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. கேட்டால், "முதல்ல விளம்பரம் பிடிங்கம்மா. உங்க ஏரியாவுல மண் அள்ளுறவங்க, கிளினிக் வச்சிருக்கவங்க இருப்பாங்கள்ல? கார்டைக் காட்டிப் பேசுங்க, தானா கொடுப்பாங்க" என்றார். முதல் வரியைத் திருத்திக் கொடுத்த அதே குரல். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அந்த அட்டையோடு ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். அங்கிருந்த ஒரு மூத்த நிருபர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு கொடுத்தேம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "நான் சேர்ந்தப்ப சம்பளம் ரொம்பக் கம்மி. ஆனா அவங்க எனக்குக் கொடுத்தாங்க, நான் அவங்களுக்குக் கொடுக்கலை" என்றார். அங்கீகார அட்டை அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை தருவது, வேலை பார்க்கும் நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும், இடையில் யாரும் வாங்கித் தர முடியாது என்று அவர்தான் விளக்கினார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பிஐபி) தரும் அட்டைக்கு 2022 விதிமுறைப்படி குறைந்தது 5 ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டுமாம். எனக்கு மூன்று நாள் ஜூம்.

அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." "மைக் கூரியர்ல வந்துட்டிருக்கு மேடம்." "அக்கவுன்ட்ஸ்ல பேசுங்க." அக்கவுன்ட்ஸில் ஒரு பெண், "அது டெபாசிட் இல்லையே, ரசீதைப் பாருங்க" என்றார். பார்த்தேன். நான்கு ரசீதிலும் பொடி எழுத்தில் 'உறுப்பினர் நன்கொடை, திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தது. பணம் கட்டிய அன்று நான் அதைப் படிக்கவில்லை. ஆறாவது வாரம் ஆசிரியரே எடுத்தார். "38,500 ரூபாய்க்கு இப்படி அழுறவங்க எப்படிம்மா நிருபர் ஆவீங்க?" அதற்குப் பிறகு எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அவர்கள் அனுப்பிய சான்றிதழ்களை அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒன்று உத்யம் பதிவு. சிறு தொழில் செய்யும் யாரும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், ஊடக அங்கீகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று மாதப் பத்திரிகையின் ஆர்என்ஐ பதிவு, அதாவது பத்திரிகைகளை மத்திய அரசிடம் பதிவு செய்யும் சான்று. அது பத்திரிகைக்கானது, யூடியூப் சேனலுக்கும் அதன் நிருபருக்கும் அது எந்தத் தகுதியும் தராது. பிரஸ் கவுன்சில் பெயரையும் அடிக்கடி சொல்வார்கள். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும், 1978 சட்டப்படி இயங்கும் அந்த அமைப்பு யாருக்கும் நிருபர் அட்டை கொடுப்பதில்லை. இந்தியாவில் செய்தியாளராக வேலை செய்ய லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

போலிப் பத்திரிகையாளர்களைக் கட்டுப்படுத்த 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அப்படிப்பட்டவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கொடுத்த 38,500-ஐ மீட்க அந்த அட்டையோடு ஒரு கிளினிக் வாசலில் போய் நின்றிருந்தால் நானும் அவர்களில் ஒருத்தி.

இந்தத் துறைக்குள் நுழைவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, இதை மட்டும் சொல்கிறேன். வேலை தருகிறவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை. கட்டுவதற்கு முன் அந்தச் சேனலில் வேலை பார்க்கும் நிருபர் ஒருவரிடமாவது நேரில் பேசுங்கள். ரசீதின் பொடி எழுத்தைப் படியுங்கள். பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் ஏழு வாரம் கழித்து அழைத்தேன், இதுவரை புகார் எண் மட்டும்தான் வந்திருக்கிறது. அம்மாவின் குழுத் தவணை இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

இன்று காலை அந்த விளம்பரத்தைப் பார்த்து நீங்களும் கட்டுரை அனுப்பியிருந்தால், உங்களுக்கும் போன் வரும். நீங்கள் எழுதியதை அந்த ஆசிரியர் முழுசாகப் படித்திருப்பார். நல்ல திருத்தமும் சொல்வார். திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.