மாதம் 18,902 ரூபாய்: மூத்தோர் குடியிருப்பில் என் ஒன்பது வருடக் கணக்கு

கோவை தொண்டாமுத்தூர் சாலைப் பக்கம், கதவைத் திறந்தால் மலை தெரிகிற ஒரு மூத்தோர் குடியிருப்பில் 2016 ஜூனிலிருந்து இருக்கிறேன். மொத்தம் 84 வீடுகள். பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே இருக்கிறவர்கள் தினமும் என்னோடு சாப்பிட உட்காருகிறவர்கள். எனக்கு வயது 73. எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில் சீனியர் செக்‌ஷன் என்ஜினீயராக இருந்து 2006இல் ஓய்வு பெற்றார். 2022 அக்டோபரில் காலமாகிவிட்டார். இப்போது நான் மட்டும்தான்.

கல்யாணமான மாதத்திலிருந்து கணக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு. ஒரு கட்டுக் கீரை வாங்கினாலும் அன்று ராத்திரிக்குள் அது நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டுகளை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்த மாதிரி இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீடு என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீடு 640 சதுர அடி, ஒரு படுக்கையறை, 29 லட்சம். போத்தனூர் வீட்டை விற்றுக் கட்டிவிட்டோம். அந்தச் செலவு அன்றைக்கே முடிந்துவிட்டது. மாதப் பில்தான் நாம் இருக்கிற வரைக்கும் வரும், வருடா வருடம் ஏறியும் வரும். வரப்போகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பில்லில் இரண்டு பாகம். வீட்டுப் பராமரிப்பு என்பது வீட்டின் அளவைப் பொறுத்தது. ஒருவர் இருந்தாலும் இருவர் இருந்தாலும் அது மாறாது. சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று. 2016இல் பராமரிப்பு 5,400, சாப்பாடு தலைக்கு 4,200. இரண்டு பேருக்கும் சேர்த்து 13,800, வரி தனி. 2025 நவம்பரில் பராமரிப்பு 10,400, சாப்பாடு 7,600. வரிகளோடு சேர்த்து நான் ஒருத்தி கட்டுவது 18,902.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் வீடு கூட்டித் துடைக்க ஆள் வருகிறது. வாரம் இரண்டு முறை குளியலறை கழுவுகிறார்கள். குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் ஆபீசில் எழுதி வைத்தால் அன்றே, தவறினால் மறுநாள் ஆள் வரும். செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் வருகிறார். இரவும் பகலும் ஒரு நர்ஸ், வாசலில் செக்யூரிட்டி, ஒரு ஆம்புலன்ஸ். கட்டில் பக்கத்திலும் குளியலறையிலும் அவசர மணி.

அந்த மணியின் மதிப்பை நான் 2022 மே மாதம் ஒரு ராத்திரி தெரிந்துகொண்டேன். இரண்டு மணி இருக்கும். அவர் பாத்ரூம் போக எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், பக்கவாதம். அவரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. மணியை அழுத்தினேன். செக்யூரிட்டித் தம்பியும் நர்ஸும் ஓடி வந்தார்கள், அவரைக் கட்டிலில் கிடத்தினார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. போத்தனூரில் தனி வீட்டில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து, வண்டி பிடித்து... அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பராமரிப்புப் பணம் அதிகம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதத்துக்கு நாங்கள் தயாராக இல்லை. ரயில்வே மருத்துவ அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு எங்களை அழுத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் புரட்ட, துடைக்க, ஊட்ட 24 மணி நேரமும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது எந்த அட்டையிலும் சேராது. குடியிருப்பின் பராமரிப்பிலும் சேராது. இதை நாங்கள் வீடு வாங்கும்போது கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏஜென்சி மூலமாக வந்த பையனுக்கு மாதம் 24,000. அவன் இங்கேயே சாப்பிட வேண்டும், அதற்கும் தலைக்கணக்கில் 6,300 பில்லில் ஏறியது. சக்கர நாற்காலி குளியலறைக் கதவில் நுழையவில்லை. கதவை அகலப்படுத்த 14,000 கேட்டார்கள், கொடுத்தோம். ஐந்து மாதத்தில் இந்த மூன்றுக்கு மட்டும் 1,65,500 ரூபாய். வயதானவர்களுக்காகவே கட்டிய வீட்டில் சக்கர நாற்காலி போகாத கதவு வைத்தது தவறு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் கையில் இஞ்ச் டேப் கொண்டுபோங்கள்.

இனி ஓய்வூதியக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நான் சொல்ல வந்ததே இதுதான்.

அவருடைய அடிப்படை ஓய்வூதியம் 28,450. ஓய்வு பெறும்போது ஒரு பகுதியைக் கம்யூட்டேஷனில் மொத்தமாக வாங்கியிருந்தார். அதற்காக மாத ஓய்வூதியத்தில் 15 வருடம் பிடித்து முடிந்து 2021இல்தான் முழுத் தொகையும் கைக்கு வந்தது. அதை அவர் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் வாங்கினார். விலைவாசி ஏறுவதை ஈடுகட்ட அடிப்படையோடு சேர்த்துக் கொடுக்கும் அகவிலை நிவாரணம் 2022 அக்டோபரில் 38 விழுக்காடு. அதோடு சேர்த்து 39,261 ரூபாய். அவர் போன பிறகு எனக்குக் குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் பாதி என்பது 30 விழுக்காடாக இறங்கும். அடிப்படை 17,070, நிவாரணத்தோடு சுமார் 23,557. அதாவது பத்து ரூபாய் வந்த இடத்தில் ஆறு ரூபாய்.

பில் அப்படி இறங்கவில்லை. அந்த மாதம் பராமரிப்பு 8,300, சாப்பாடு 6,300. இருவராக இருந்தபோது 20,900 கட்டினோம், நான் மட்டும் ஆனபோது 14,600. பத்துக்கு ஏழு. கூட்டுவதும் துடைப்பதும் செக்யூரிட்டியும் ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றுதானே, ஆகவே பராமரிப்பு அப்படியே நிற்கும். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வாங்கும் அன்று நாங்கள் இருவரும் அவருடைய ஓய்வூதியத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டோம். பின்னால் நிற்கப் போகிற ஒருவருடைய வருமானத்தை வைத்துப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. 2025 நவம்பரில் அகவிலை நிவாரணம் 38இலிருந்து 58 விழுக்காட்டுக்கு வந்திருந்தது, கையில் வந்தது சுமார் 26,970. ஏறியது 14.5 விழுக்காடு. இதே காலத்தில் பில் 14,600இலிருந்து வரி நீங்கலாக 18,000. ஏறியது 23 விழுக்காட்டுக்கு மேல். இரண்டும் ஏறுகிறது, ஆனால் பில் முன்னால் நடக்கிறது. மத்திய அரசின் எட்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரை அமலுக்கு வந்தால் ஓய்வூதியம் ஒரு தடவை தூக்கி நிற்கும். 80 வயதானால் அடிப்படையில் 20 விழுக்காடு கூடுதலாகக் கொடுப்பார்கள். அதற்கு எனக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

பில்லுக்கு வெளியே என் செலவு: மாத்திரை மருந்து 2,400, காலைக் காபிக்குப் பாலும் பழமும் 1,500, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் டாக்ஸி 1,000, போனும் இன்டர்நெட்டும் 600, துணி வெளுக்க 400, வீட்டுக் கரண்ட் மாதத்துக்கு 250 வரும். பில்லையும் சேர்த்தால் ஆக மொத்தம் சுமார் 25,000 ரூபாய். மீதி இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 9 லட்சம் போட்டிருக்கிறேன், 8.2 விழுக்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 வருகிறது. அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு நாள் அந்த 24 மணி நேர ஆள் வேண்டியிருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சைவம் மட்டும். முதல் இரண்டு வருடம் வெளியூர் கேட்டரிங்காரர் செய்தார், எண்ணெயும் மசாலாவும் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சமைப்பது உள்ளூர் அம்மா ஒருவர். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், வெள்ளிக்கிழமை காலையில் சந்தகை என்று நம் வீட்டுச் சாப்பாடாக இருக்கிறது. சர்க்கரை இருப்பவர்களுக்கு ராத்திரி தனியாகக் கோதுமை தோசை உண்டு. எனக்கு இருக்கும் ஒரே குறை, ஊருக்குப் போனால் சாப்பாட்டுக் காசைக் கழிக்கும் முறை. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் இல்லாவிட்டால்தான் கழிப்பார்கள், அதுவும் 60 விழுக்காடு. மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போய் வந்தால் அந்த வாரத்துச் சாப்பாட்டுக் காசு போனதுதான். தனியாக இருக்கும் பெண்கள் பலர் இதற்காகவே பிள்ளைகள் வீட்டுக்குப் போவதைச் சுருக்கிக்கொள்கிறார்கள். இது மாற வேண்டும்.

வரி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இதில் பணம் இருக்கிறது. முதலில் வீட்டைக் கட்டிய நிறுவனமே பராமரிப்பையும் பார்த்தது, முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டது. 2021இல் குடியிருப்போர் சங்கம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பில் போட்டால் மாதம் 7,500 வரை வரி கிடையாது. 7,500ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்படியில்லை, தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஆபீஸ் தொடர்ந்து முழுவதற்கும் போட்டுக்கொண்டிருந்தது. போன வருடம் தீர்ப்பு பற்றிய செய்தியை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் தம்பியிடம் போனேன்.

“ஏங்க தம்பி, இதைப் பாருங்க. ஏழாயிரத்து ஐந்நூறு போக மீதிக்குத்தானே வரி?”

“ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றனுங்கம்மா.”

மூன்று வாரத்தில் மாற்றினார்கள். இப்போது பராமரிப்பில் 7,500 போக 2,900க்கு மட்டும் வரி, 522 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 1,350 மிச்சம், வருடத்துக்கு 16,200. கேட்காமலே இருந்திருந்தால் இன்னும் கட்டிக்கொண்டிருப்போம். நீங்கள் பார்க்கும் இடத்தில் பில் யார் பெயரில் வருகிறது, சங்கமா நிறுவனமா என்று கேளுங்கள்.

பராமரிப்பு ஏன் ஏறுகிறது என்பதும் எனக்குத் தெரியும். இங்கே வேலை செய்கிற பெண்கள் ஆலாந்துறை, நரசீபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் ஏறத்தான் வேண்டும், அதற்கு நான் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை. 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது இடங்களுக்கு மின்வாரியம் தனிக் கட்டண வகை கொண்டுவந்தது, அப்போது யூனிட் 8 ரூபாய். லிஃப்ட், மோட்டார், தெருவிளக்கு எல்லாம் அதில் வந்துவிட்டது. பிறகு ஜெனரேட்டர் டீசல். இவற்றை வரி வரியாகப் பிரித்துக் காட்டாமல் “இந்த வருடம் 8 விழுக்காடு” என்று ஒரே வரியில் நோட்டீஸ் போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

விற்பது சுலபம் இல்லை. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் இங்கே குடியிருக்கலாம், ஆகவே வாங்க வருகிறவர்களும் குறைவு. விற்றால் விலையில் 2 விழுக்காடு மாற்றுக் கட்டணம். மூன்றாவது பிளாக்கில் ஒரு வீடு அம்மா காலமாகி ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பராமரிப்பு கட்டுகிறார்கள். வீடு பூட்டியிருந்தாலும் சாப்பாடுதான் நிற்கும், பராமரிப்பு நிற்காது.

இந்த இடத்தை மற்றவர்களுக்குச் சொல்வேனா? சொல்வேன். நான் இங்கிருந்து போகப் போவதில்லை. சாயங்காலம் நடக்கத் துணை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, ராத்திரி பயமில்லாமல் தூங்குகிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, இருவரில் யார் வருமானம் குறைவோ அவர் தனியாக இருப்பதாக வைத்து, பில் வருடம் 8 விழுக்காடு ஏறுவதாக வைத்து, பத்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். இன்றைக்கு 18,000 என்றால் பத்து வருடம் கழித்து சுமார் 39,000 ஆகும். அந்தக் கணக்கு தாங்காவிட்டால் வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கடந்த மூன்று வருடத்துப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். விருந்தினர் அறையில் பத்து நாள் தங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், வெள்ளிக்கிழமை டாக்டர் வருகிற நேரத்தில் போய் உட்காருங்கள், உதவியாளரின் சாப்பாடு யார் கணக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு எங்கள் சங்கப் பொதுக்கூட்டம். பொது மின்சாரம், டீசல், சம்பளம் மூன்றும் தனித்தனியாக எவ்வளவு என்றும், ஊருக்குப் போனால் சாப்பாட்டுக் காசைக் கழிக்கும் வரம்பை ஏழு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு 19 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் 14 பேர் தனியாக இருக்கும் பெண்கள். பதில் வந்ததும் ஏப்ரல் மாதப் பில்லோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.