காரை ஏற்றும் டிரைலர் வாங்கப் போகிறவர்களுக்கு: மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் எடைமேடைக்குப் போங்கள்

"கண்டெய்னரையே இழுக்கிற ஊரில் பிறந்துவிட்டு, ஒரு காரை இழுக்க யோசிக்கிறீர்களே தம்பி!"

பட்டறை உரிமையாளர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரைலர் லாரிகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். எங்கள் பக்கம் டிரைலர் என்றாலே நாற்பதடிப் பெட்டியை ஏற்றும் வண்டிதான். அதன் பக்கத்தில் என் சின்ன மாருதி எஸ்டீம் கார் எந்த மூலைக்கு என்று எனக்கும் தோன்றிவிட்டது. அந்த லாரிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் காற்றழுத்த பிரேக் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் அப்பா சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்ததை இன்றைக்கும் கை அசைத்துச் சொல்வார். அது எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. பந்தயம் 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு, வடசென்னையிலிருந்து நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போக வேண்டும். பயிற்சி ஓட்டத்துக்காக நான் தயார் செய்த எஸ்டீமில் பின் இருக்கை இல்லை, கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு, அதாவது ரோல் கேஜ் இருக்கிறது, டயரும் சாலைக்கானது அல்ல. போகும்போது ஓட்டிக்கொண்டு போய்விட்டாலும் டிராக்கில் ஏதாவது உடைந்தால் திரும்புவது எப்படி? அதனால்தான் டிரைலர் தேடினேன்.

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் 2024 ஜூலையில் இந்தப் பேரத்தை முடித்தேன். வழக்கு நடப்பதால் பட்டறை எது என்று எழுதவில்லை. டிரைலருக்கு 1,85,000 ரூபாய். இழுக்க ஒரு பழைய போலேரோ பிக்கப் பார்த்து வைத்திருந்தேன். "அது எதற்கு, வீட்டுக்கும் ஆகும், இழுக்கவும் ஆகும்" என்று தன்னிடம் நின்ற பழைய ஸ்கார்ப்பியோ ஒன்றை, பின்னால் இழுவைக் கொக்கியும் பொருத்தி, 4,75,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கார்ப்பியோவுக்கு ஏணிச் சட்டம் போன்ற தனி சேஸிஸ் உண்டு, எடையும் இருக்கிறது, இழுக்க ஏற்ற வகைதான். அவர் அதில் பொருத்திய கொக்கிதான் வில்லங்கம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிரைலரின் வெற்று எடை 380 கிலோ, 1,500 கிலோ வரை ஏற்றலாம் என்று ஒரு தகட்டில் பொறித்து ஆணி அடித்திருந்தார். பிரேக் இருக்கிறதா என்று கேட்டேன். டிரைலரின் மூக்கில், அதாவது முன்வண்டியோடு சேரும் முனையில் இருந்த கைப்பிடியை இழுத்துக் காட்டினார். அதிலிருந்து ஒரு கம்பி சட்டத்துக்குள் போனது. சக்கரத்தின் பின்னால் டிரம் தெரிந்தது. "முன்வண்டி மெதுவாகும்போது டிரைலர் நெருக்கும். அந்த நெருக்கலே பிரேக்கைப் பிடித்துவிடும்" என்றார். அப்படி ஒரு அமைப்பு உண்மையில் இருக்கிறது, நல்ல அமைப்பும்கூட. அதனால் நம்பினேன்.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு. என் மனைவியின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாதவரம் ரவுண்டானா, புழல், பைபாஸ், சூரப்பட்டு சுங்கச்சாவடி வரை எந்தத் தொந்தரவும் இல்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் வேகம் 65ஐத் தொட்டது. பின்னாலிருந்து யாரோ வண்டியின் இடுப்பைப் பிடித்து ஆட்டுவது போல இருந்தது. "மாமா, கண்ணாடியைப் பாருங்கள்!" என்றான். டிரைலர் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபுறம் போனது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரியது.

அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்திவிடக் கூடாது. ஸ்டீயரிங்கைத் திருப்பி அடக்கவும் முயலக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையக் காத்திருக்க வேண்டும். என்றோ படித்தது நினைவுக்கு வந்ததால் பிழைத்தோம். ஆட்டம் அடங்கிய சில நொடிகளில் டிரைலரின் இடது டயர் வெடித்தது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது என் கால்கள் நடுங்கின. கொஞ்சம் முன்னால்தான் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஒன்று, எங்களை மறைத்தாற்போல் நின்று விளக்கைப் போட்டது. இறங்கி வந்த ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். வெடித்த டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதன் வயது தெரியுமா?" என்றார். டார்ச் அடித்துக் காட்டினார். 4015 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் நாற்பதாவது வாரத்தில் செய்த டயர். புது டிரைலர் என்று எனக்கு விற்றதில் ஒன்பது வருடப் பழைய டயர், மேலே கறுப்புப் பாலிஷ். விடியும் வரை அவர் எங்களை விட்டுப் போகவில்லை. காசு நீட்டினேன், வாங்கவில்லை. அண்ணே, இதைப் படித்தால் என் வணக்கம்.

அன்றைக்கு டிராக்குக்குப் போகவில்லை. எஸ்டீமைத் தட்டை லாரியில் ஏற்றி வீடு கொண்டுவர 6,500 ரூபாய் ஆனது. மாற்று டயர் போட்டு, வெற்று டிரைலரை ஆமை வேகத்தில் இழுத்து வந்தேன். மறுநாள்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். மணலியில் ஒரு எடைமேடையில் டிரைலரை ஏற்றினேன்.

வெற்று எடை 610 கிலோ. தகட்டில் 380.

எஸ்டீமைத் தனியாக நிறுத்தினேன், 850 கிலோ. ஆகச் சேர்ந்து 1,460. இப்போது டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் 175/70 ஆர்13 என்று அளவு, அதை அடுத்து 82 என்று ஒரு எண். 82 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 475 கிலோ. டிரைலருக்கு ஒரே ஆக்ஸில், இரண்டே டயர். மொத்தம் 950 கிலோதான் தாங்கும். அதில் டிரைலரின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது 340. இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஏற்றலாம், எந்தக் காரையும் ஏற்ற முடியாது. 1,500 என்ற எண்ணுக்கு அந்த டிரைலரில் எங்கேயும் ஆதாரம் இல்லை. தகடு அடிக்கிற கடையில் சொன்னால் எந்த எண்ணையும் பொறித்துக் கொடுப்பார்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் வேறு. வீட்டில் ஆள் எடை பார்க்கும் சிறு மேடையை மரக்கட்டைகள் மேல் வைத்து, கொக்கியின் உயரத்தில் டிரைலரின் மூக்கை அதன் மேல் இறக்கினேன். எஸ்டீமை ஏற்றிய நிலையில் 30 கிலோ காட்டியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இறங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 145 கிலோ. அவர் ஆக்ஸிலை முன்னால் தள்ளிப் பற்றவைத்திருந்ததால் பாரம் பின்னால் சாய்ந்துவிட்டது. பின்பாரம் கூடிய டிரைலர் வேகம் ஏறினால் வாலாட்டாமல் இருக்காது. கார் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திச் சரிசெய்யலாம் என்றால், அவர் அடித்திருந்த சக்கரத் தடுப்பு அதற்கு இடம் தரவில்லை.

பிரேக் டிரம்மை எங்கள் தெரு மெக்கானிக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. பிரேக் ஷூ இல்லை, ஸ்பிரிங் இல்லை. கைப்பிடியிலிருந்து போன கம்பி, சட்டத்தின் குழாய்க்குள் இரண்டடி தூரம் போய் ஒரு நட்டில் கட்டி முடிந்திருந்தது. இதைப் பார்த்தபோதுதான் என் கோபம் எல்லை மீறியது. பழைய டயரைப் போட்டதை அலட்சியம் என்று சொல்லலாம், எடையைத் தப்பாகப் பொறித்ததை அறியாமை என்றுகூடச் சொல்லலாம். வேலை செய்யாத கம்பியை வேலை செய்வது போலக் கட்டி வைக்க ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரைலருக்கு மொத்த எடை 750 கிலோதான் உச்சவரம்பு. நான் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைப் பிரேக் இல்லாமல் இழுத்திருக்கிறேன், என் மைத்துனனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அடுத்தது கொக்கி. பம்பரைக் கழற்றினால், சேஸிஸ் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டிய இரும்பு, பம்பரைத் தாங்கும் மெல்லிய தகட்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. மேலே கறுப்பு பெயின்ட். பெயின்டைச் சுரண்டினால் வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல். வண்டியின் கொக்கியில் இருக்கும் உருண்டைக்கும், அதன் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரைலர் மூக்கின் கிண்ணத்துக்கும் அளவும் ஒன்றல்ல. உருண்டை 50 மில்லிமீட்டர், கிண்ணம் இரண்டு அங்குலத்துக்கானது, அதாவது 50.8. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். குண்டு குழிகளில் கிண்ணம் எகிறிக் கழல அது வழி செய்யும். கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள் குறுக்காகப் போக வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று, அதுவும் அதே பம்பர்த் தகட்டில்.

பதிவு எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இழுக்கிற வண்டியின் எண்ணையே பின்னால் எழுதிக்கொள்ளுங்கள், போதும்" என்றார். போதாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரைலரும் அடங்குகிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாத டிரைலர் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் மோதியிருந்தால் எந்தக் காப்பீடு எனக்குத் துணை வந்திருக்கும்? எண் கொடுத்தால் கூட, வாங்கும் முன் வாகனப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் போட்டு, வருவது டிரைலரின் விவரம்தானா என்று பாருங்கள்.

பட்டறைக்குப் போனேன். முதலில் "வேகமாக ஓட்டியிருப்பீர்கள்" என்றார். எடைச்சீட்டைக் காட்டியதும், "எடைமேடையில் கோளாறு இருக்கும்" என்றார். டிரம்மின் படத்தைக் காட்டியதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு 40,000 ரூபாய் தருவதாகவும், புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். டிரைலருக்குக் கொடுத்தது போல ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் கையில் வைத்திருப்பவை எடைச்சீட்டு, டயர் எண்களின் படங்கள், மெக்கானிக் டிரம்மைக் கழற்றும்போது மைத்துனன் எடுத்த வீடியோ, வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் ரசீது. ரொக்கமாகக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு மட்டும் சான்று இல்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் எரிகிறது.

வருடத்துக்கு நான்கைந்து முறைதான் டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் தட்டை லாரியை வாடகைக்கு எடுப்பதே மேல். நான் இப்போது அப்படித்தான் போகிறேன். சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் இரண்டு ஆக்ஸில் உள்ளதைக் கேளுங்கள். பட்டறைக்காரர் முன்னாலேயே டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை வரம்பு என்ன என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரைலருக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கலாம், சிறியதையும் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன வாரம் அந்தப் பட்டறை வழியாகப் போனேன். வாசலில் அதே அளவில், அதே ஒற்றை ஆக்ஸிலில் இன்னொரு டிரைலர் பச்சை பெயின்ட் காயாமல் நின்றது. மூக்கில் அதே கைப்பிடி. அதற்கு முன்பணம் கொடுத்தவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியைக் கொடுக்காதீர்கள். உங்கள் காரையும் கொண்டுபோய், அந்த டிரைலரையும் பட்டறைக்காரர் செலவிலேயே ஒரு லாரியில் ஏற்றிவரச் சொல்லி, மணலியில் ஏதாவது ஒரு எடைமேடையில் நிறுத்துங்கள். நானும் வருகிறேன்.