ஆட்டிசத்துக்கு ஆக்சிஜன்: கூடாரம், அழுத்த அறை, முகமூடி

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆக்சிஜன் சிகிச்சைகளில், ஜிப் வைத்த மென்மையான கூடாரமும் கனத்த சுவர் கொண்ட அழுத்த அறையும் ஒரே பெயரில் பேசப்பட்டாலும், நுரையீரலுக்குள் சேரும் ஆக்சிஜனின் அளவில் இரண்டுக்கும் வெகு தூரம். ஆய்வுகளில் கையாளப்பட்ட கூடார முறையில் அழுத்தம் இயல்பைப் போல 1.3 மடங்கு, ஆக்சிஜன் 24 சதவீதம். பெருக்கிப் பார்த்தால், சாதாரண முகமூடி வழியாக 31 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு ஏறக்குறைய அது சமம். அப்படியானால் கூடாரம் எதற்கு என்ற கேள்விக்கு விற்பவர்களிடம் தெளிவான பதில் இல்லை. 1.5 மடங்கு அழுத்தத்தில் முழு ஆக்சிஜன் தரும் அறையிலோ அந்த அளவு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது.

கூடார முறையை 62 குழந்தைகளிடம் 40 அமர்வுகள் சோதித்த ரோசிக்னால் குழு, 2009இல் முன்னேற்றம் கண்டதாக அறிவித்தது. அதே அழுத்தத்தையும் அதே ஆக்சிஜன் அளவையும் 80 அமர்வுகள் வரை நீட்டித்துப் பார்த்த கிரான்பீஷே குழுவுக்கு, அடுத்த ஆண்டே, ஒப்பீட்டுக்காக, உண்மையானதைப் போலவே தோன்றும் போலிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடமிருந்து எந்த வேறுபாடும் தென்படவில்லை. அழுத்த அறையின் கதை இதைவிடச் சுவாரசியமானது. தாய்லாந்தில் 60 குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் பெற்றோரும் போலிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் பெற்றோரும் முன்னேற்றத்தைக் கண்டார்கள். இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக்சிஜன்தான் வேலை செய்கிறது என்றால், இவ்வளவு அதிக அளவு கொடுத்த இடத்தில் அது பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டாமா? போலிச் சிகிச்சையில், உண்மையானதைப் போலவே காது அடைப்பதற்காகத் தரும் சிறிதளவு அழுத்தமே பலன் தந்திருக்கலாம் என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அது தோற்ற பிறகு எல்லைக்கோட்டை நகர்த்துவதாகவே படுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வில் தேறியதும் இந்த ஓர் ஆய்வுதான். பலனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு.

ஆபத்தும் அழுத்தத்தோடு ஏறுகிறது. அழுத்தம் கூடும்போது எச்சில் விழுங்கிக் காதைச் சமன்செய்யத் தெரியாத, வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல முடியாத குழந்தைக்குச் செவிப்பறை காயமடையக்கூடும். முழு ஆக்சிஜன் நிரம்பிய அறையில் ஒரு பொறியே போதும்: 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 5 வயதுச் சிறுவன் அப்படியொரு தீயில் இறந்தான். ஓசோன் சிகிச்சையை இந்த வரிசையிலேயே வைக்கக் கூடாது. அது நுரையீரலை அரிக்கும் நச்சு வாயு.

இனியொரு சோதனை நடத்துவதானால், கூடாரத்தை வெறும் காற்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை. 31 சதவீத ஆக்சிஜன் தரும் முகமூடியை எதிரே நிறுத்தி, யாருக்கு எது கிடைத்தது என்று அறியாதவர்களைக் கொண்டே குழந்தைகளை மதிப்பிட வேண்டும்.