ஊட்டிக் குளிரில் அத்தி இலை: டிப்டீக் ஃபிலோசிக்கோஸ்

பச்சை வாசனை என்று விற்கிற சென்டுகளில் பாதி எலுமிச்சை சோப்பு மாதிரி இருக்கும், மீதி வெட்டிய புல் மாதிரி. ஃபிலோசிக்கோஸ் இந்த இரண்டிலும் சேராது. சீமை அத்தியின் இலைக்காம்பை ஒடித்தால் பால் சொட்டுமே, அந்த நேரத்து மணம்: மேலே கசந்த பச்சை, அதற்கடியில் வழுக்கைத் தேங்காயின் பால்வாடை, கடைசியில் வெயிலில் காய்ந்த மரப்பட்டை. பழம் மருந்துக்கும் இல்லை. அத்திப்பழ இனிப்பை நம்பி வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பாரிஸில் 1961-ல் தொடங்கிய டிப்டீக் நிறுவனத்துக்காக ஒலிவியா ஜியாகொபெட்டி செய்து, 1996-ல் வந்த வாசனை இது. இரண்டு வருடம் முன்பே லார்ட்டிசான் பர்ஃப்யூமர் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு அவர் பிரெமியே ஃபிகியே என்ற அத்தி வாசனையைச் செய்திருந்தார். அது கொஞ்சம் கொழகொழப்பு, பாலும் இனிப்பும் தூக்கல். ஃபிலோசிக்கோஸ் வறண்டது, நிமிர்ந்து நிற்பது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான்.

பச்சை என்றாலே ஒரே பச்சை இல்லை. குன்னூர்ப் பக்கம் ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்தை வாட்டப் போடும்போது வருவது, இலைகளில் இயல்பாகவே உண்டாகும் இலை ஆல்கஹால் என்ற பொருளின் மெல்லிய பச்சை, புல்லுக்கு உறவு. 1947-ல் வந்த, பால்மேன் நிறுவனத்தின் ‘வான் வேர்’ (Vent Vert) போன்ற பழைய பச்சை வாசனைகளின் முதுகெலும்பு கல்பனம்; நம் பெருங்காயத்துக்குப் பங்காளியான ஈரானியப் பிசின், முகர்ந்தால் குடைமிளகாய் நறுக்கியது மாதிரி மூக்கில் ஏறும். அத்தி இலைப் பச்சை இரண்டையும்விடத் தடிமனானது, பால் கட்டியது.

இதற்காக யாரும் இலையைப் பிழிவதில்லை. அத்தி இலை அப்சல்யூட்டை, அதாவது இலையிலிருந்து எடுக்கும் அடர்ந்த சாற்றை, சேர்க்கக் கூடாது என்று சர்வதேச வாசனைப் பொருள் சங்கமே தடை வைத்திருக்கிறது. இலையில் உள்ள சோரலென் வகைப் பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்பளம் போடும். அதனால் அத்தி வாசனைகளில் இலைப் பச்சைக்கு ஸ்டெமோன், தேங்காய் மணத்துக்குக் காமா-ஆக்டாலாக்டோன் மாதிரியான செயற்கைப் பொருள்களைத்தான் வழக்கமாகக் கையாள்கிறார்கள். வீட்டுச் செடியின் இலையைக் கசக்கி மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் வெயில் சுடத்தான் செய்யும்.

இந்த வாசனைக்குச் சமவெளியைவிட மலைதான் பொருத்தம். கோவை வெயிலில் பச்சை சீக்கிரமே பறந்துவிடும், தேங்காய்தான் மிஞ்சும். சன்ஸ்கிரீன் பூசிய மாதிரி ஆகிவிடும். ஊட்டிக் குளிரில் எல்லாமே மெதுவாக ஆவியாவதால் இலைக் கட்டம் நீள்கிறது, பாலும் மரமும் பின்னால் நிதானமாக வருகின்றன. அதற்குக் கொடுக்க வேண்டியது இதுதான்: வாசனையின் சத்தம் குறையும், பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். செறிவு குறைந்த ஓ டி டாய்லெட் வடிவம் பகல் நடைக்குப் போதும். மாலைப் பனிக்குச் செறிவு கூடிய ஓ டி பர்ஃபம் எடுங்கள், அதில் மரமும் கனமும் கூடுதல்.

குளிர்காலத்தில் தோல் வறண்டால் எந்த வாசனையும் நிற்காது. குளித்ததும் வாசனையில்லாத வாசலினை மெல்லத் தடவி, அதன்மேல் இரண்டு ஸ்ப்ரே. தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊட்டியில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், உருக்கித் தடவினாலும் உள்ளே இருக்கிற தேங்காயோடு சேர்ந்து பச்சையை அமுக்கிவிடும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டியதில்லை. ஸ்வெட்டரில் அடித்தால் மறுநாளும் இருக்கும், ஆனால் கம்பளியில் மரம்தான் தங்கும், இலை தங்காது. தைலம் தேய்த்த நாளில் இதைத் தொடவே வேண்டாம். யூகலிப்டஸின் காரமான சினியோல் மூக்கை முழுக்க ஆள்கிறபோது அத்தியாவது, இலையாவது.

முழு பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் போகும், ஆகவே முதலில் 5 மில்லி டிகேன்ட், அதாவது பெரிய பாட்டிலிலிருந்து சின்ன ஸ்ப்ரே குப்பியில் ஊற்றித் தருவது. ஏறத்தாழ 50 முதல் 70 ஸ்ப்ரே வரும், ஒரு பருவம் முழுக்கச் சோதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். பாதி காலியான டிகேன்டில் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து திரவத்தைக் கழுத்து வழியே தள்ளும். நிரம்பியதாக வாங்கி, கழுத்தில் டேப் சுற்றி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் ஜன்னல் மேடையும் குளியலறையும் வேண்டாம். இருட்டான பீரோ போதும், அந்தக் குளிரில் ஃபிரிட்ஜ் தேவையே இல்லை.

காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பச்சை முரட்டுத்தனமாக, கிட்டத்தட்ட மருந்தாகத் தோன்றும். தோலில் அடித்து, இருபது நிமிடம் வெளிக்காற்றில் நடந்துவிட்டு, அப்புறம் முகர்ந்து பாருங்கள்.