ஒல்லாந்தர் வாய்க்காலில் ஒரு காலைப்பொழுது: நீர்கொழும்புப் படகுப் பயணம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அம்ஸ்ரர்டாமுக்கு அழைத்துச் சென்று, 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த வாய்க்கால் வளையத்தில் ஒரு மணி நேரம் கண்ணாடிக் கூரைப் படகில் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டின் எழுதாத விதியாகிவிட்டது. ஆனால் நான் பிறந்து வளர்ந்த, இலங்கையின் நீர்கொழும்பில், வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடும் ஒல்லாந்தர் வாய்க்காலில், ஒருநாளேனும் படகேறியதில்லை. கடந்த ஜனவரியில் மனைவி, பிள்ளைகள் இருவரோடு ஊருக்குப் போனபோது அந்தக் குறையைத் தீர்க்க எண்ணினேன். கடற்கரைத் தெருவில் இருக்கும் சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அந்த நாத்தத் தண்ணியில போறதுக்குக் காசு வேற குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். எழுபது ஆண்டுகளாக அந்த வாய்க்காலுக்கு அருகிலேயே வாழ்ந்தவரின் கருத்து என்பதால் அதை அலட்சியம் செய்யவும் முடியவில்லை.

முதலில் விலை பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான். கடற்கரையோர விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் விசாரித்தபோது ஆளுக்கு 25 டொலர் என்றார்கள். பிள்ளைகளுக்கும் அதே கட்டணம். நால்வருக்கும் சேர்த்து ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய். அதில் என்னென்ன அடங்கும், எவ்வளவு நேரம், எந்தத் திசையில் போவார்கள் என்று கேட்டால் அங்கிருந்தவருக்கு விடை தெரியவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு மடிப்புத் தாளும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே. மறுநாள் மாலை நாங்களே வாய்க்கால் கரைக்கு நடந்து போய், படகின் அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டோம். இரண்டரை மணி நேரம், வடக்கே மகா ஓயாவின் கழிமுகம் வரை போய் வருவது, படகு முழுவதற்கும் 10,000 ரூபாய் என்றார். விடுதி கொடுத்த எண்ணும் இவருடைய எண்ணும் ஒன்றே என்பது பின்னர்தான் தெரிந்தது. இடையில் நிற்பவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் நேரே பேசும்போதும் நேரம், திசை, நிற்கும் இடங்கள், தொகை ஆகிய நான்கையும் ஏறுவதற்கு முன்பே தெளிவாகப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. அப்படிப் பேசியதால் இறங்கும்போது ஒரு சதமும் கூடுதலாக எவரும் கேட்கவில்லை.

பெயரில் ஒல்லாந்தர் இருப்பதால் எல்லாவற்றையும் அவர்களே வெட்டினார்கள் என்று என் பிள்ளைகள் சற்றுப் பெருமையோடு நம்பியிருந்தார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே, பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட வீர பராக்கிரமபாகு மன்னன் காலத்தில், பாக்கு, மிளகு, கறுவா முதலியவற்றை நீர்கொழும்புத் துறைக்குக் கொண்டுவர இப்பகுதியில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன என்பது வரலாறு. 1644இல் நீர்கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து இறுதியாகக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கறுவாவுக்காகவே இந்த நீர்வழியை விரிவுபடுத்தி, கொழும்பையும் புத்தளத்தையும் இணைக்கும் பாதையாக்கினர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர், முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் புகுந்திருந்த உப்பு நீரை வடிப்பதற்காக 1802 முதல் 1804 வரை வெட்டியதே நகருக்குத் தெற்கே உள்ள ஹமில்டன் கால்வாய். ஏறக்குறைய பதினான்கரைக் கிலோமீற்றர் நீளமானது. ஊரார் இந்த வேறுபாட்டையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர் ஓடினால் அது ஒல்லாந்தர் வாய்க்கால்.

காலை ஆறரை மணிக்குத் துறையில் இருக்க வேண்டும் என்று படகோட்டி சொல்லியிருந்தார். துறை என்றால் நான்கு சீமெந்துப் படிகள், அவ்வளவுதான்; பிடித்துக்கொள்ளக் கம்பியோ கைப்பிடியோ கிடையாது. முழங்கால் வலியுள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். படகு கண்ணாடி இழையால் ஆனது. மேலே துணிக்கூரை, பின்னால் வெளிப்பொருத்து இயந்திரம், எட்டுப் பேர் அமரக்கூடிய பிளாஸ்ரிக் இருக்கைகள். உயிர்காப்பு அங்கிகள் இருந்தன, ஆனால் எல்லாம் பெரியவர்களுக்கான அளவு. எட்டு வயது மகளுக்கு ஒன்றை மாட்டியபோது அவளது காதுவரை ஏறி நின்றது. இன்னொன்றின் கொக்கி உடைந்திருந்தது. இதைச் சொன்னவுடன் படகோட்டி முகம் சுளிக்கவில்லை, "வாய்க்காலில் ஆழம் இல்லை" என்று சமாதானமும் சொல்லவில்லை. தம் மகனைச் சைக்கிளில் அனுப்பி வேறொரு படகிலிருந்து சிறிய அங்கி ஒன்றை வாங்கிவரச் செய்தார். இருபது நிமிடம் தாமதமாயிற்று. கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் அப்படியே புறப்பட்டுவிடுவார்கள் என்பதே என் அனுபவம். சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள் முந்தைய நாளே வயதைச் சொல்லி அங்கியை உறுதி செய்துகொள்ளட்டும்.

புறப்பட்ட முதல் கால் மணி நேரம் சித்தி சொன்னது முற்றிலும் சரி என்று தோன்றியது. நகரப் பகுதியில் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் நேராக வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பொலித்தீன் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் பாலத் தூண்களில் குவிந்து கிடந்தன; இயந்திரத்தின் விசிறியில் பை சிக்கியதால் இரண்டு முறை நிறுத்தி, குனிந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. தாழ்ந்த பாலங்களின் கீழே போகும்போது படகோட்டி குரல் கொடுப்பார், நாங்கள் தலை குனிவோம். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டாகிவிட்டது.

அதன் பிறகு கரை மாறியது. தென்னந்தோப்புகள் இரு பக்கமும் நெருங்கி வந்தன. வீடுகள் தெருவுக்கு முதுகையும் வாய்க்காலுக்கு முகத்தையும் காட்டி நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு படி, படியில் கட்டிய ஒரு வள்ளம், சில படிகளின் மேல் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியாரோ செபஸ்தியாரோ. நீர்கொழும்பைச் சின்ன உரோமாபுரி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது தெருவில் போகும்போது தெரிவதைவிட நீரில் போகும்போது நன்றாகத் தெரிகிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களும் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். காலை வெயிலுக்கு மரவேரில் நீட்டிப் படுத்திருந்த கபரகொய்யா என்னும் பெரிய நீர் உடும்பு ஒன்றை முதலையென்று நினைத்து மகள் அலறியபோது, படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பால் தள்ளிக்கொண்டே அருகில் கொண்டுபோய்க் காட்டினார். நீர்க்காகங்களும் மீன்கொத்திகளும் குருட்டுக் கொக்குகளும் ஏராளம். இயந்திரம் நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த பகுதி. ஆகவே இடையிடையே இயந்திரத்தை நிறுத்தும்படி தயங்காமல் கேளுங்கள். எரிபொருள் மிச்சமாவதால் அவர்களுக்கும் மகிழ்ச்சியே.

படகோட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் உடையையும் பிள்ளைகளின் மொழியையும் பார்த்து முதலில் என்னைச் "சேர்" என்றுதான் அழைத்தார். நான் தமிழில் பேசத் தொடங்கியதும் "தம்பி" ஆனேன். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரக் கத்தோலிக்க மீனவர் பலரின் வீட்டு மொழி தமிழ் என்பதும், பள்ளிக்கூடத்தின் மொழி சிங்களமான பின் அது முதியவர்களிடமே பெரிதும் தங்கிவிட்டது என்பதும் ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியும்; ஆனாலும் பல ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தமிழைக் கேட்டபோது, சொல் நம்முடையதாகவும் ஓசை சிங்களத்தினுடையதாகவும் இருக்கும் அந்தக் கலவை காதுக்கு இனிமையாக இருந்தது. அவர் கடலுக்குப் போனவர். 2021ஆம் ஆண்டில் கொழும்புக்கு அப்பால் கப்பலொன்று தீப்பற்றி மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் இக்கரையெங்கும் ஒதுங்கி, மீன்பிடி தடை செய்யப்பட்ட மாதங்களில்தான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவது பற்றி முதன்முதலில் யோசித்ததாகச் சொன்னார். "மீனுக்கு வாய் இல்லை, ஆளுக்கு வாய் இருக்கு, அதுதான் கஷ்டம்" என்று இரு தொழிலையும் ஒப்பிட்டுச் சிரித்தார். அம்ஸ்ரர்டாமின் படகுகளில் காதில் மாட்டும் கருவியில் பதிவுசெய்த விளக்கம் பல மொழிகளில் ஓடும். அவற்றில் தமிழை நான் கேட்டதில்லை. இங்கே கேட்ட கேள்விக்கெல்லாம் தமிழிலேயே விடை கிடைத்தது.

மகா ஓயாவை அடையும்போது வாய்க்கால் திடீரென அகன்று ஆறாகிறது. கம்பஹா மாவட்டத்துக்கும் புத்தளம் மாவட்டத்துக்கும் அந்த ஆறே எல்லை. கழிமுகத்தில் மணல்மேட்டில் இறங்கி அரை மணி நேரம் நின்றோம். ஒரு பக்கம் அசையாத ஆற்று நீர், மறு பக்கம் அலை. திரும்பும் வழியில் தோப்பொன்றில் தென்னைக்குத் தென்னை கட்டிய கயிற்றில் நடந்து கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவரைப் பார்த்தோம். வேலை முடித்து இறங்கியவர் ஒரு குவளை இளங்கள்ளை நீட்டினார். மனைவியின் பார்வையைத் தவிர்த்து நான் பாதி குடித்தேன். அவருக்குச் சிறு தொகை கொடுப்பது வழக்கம் என்று படகோட்டி முன்கூட்டியே காதில் போட்டிருந்ததால் சங்கடம் நேரவில்லை.

பெரிய குறை என்று சொல்ல வேண்டுமானால் அது கழிப்பறைதான். இரண்டரை மணி நேரத்தில் வழியில் எங்கும் பொதுக் கழிப்பறை இல்லை. மகள் அவசரப்படுத்தியபோது படகோட்டி தமக்குத் தெரிந்த வீடொன்றின் படியில் படகை அணைத்து, உள்ளே குரல் கொடுத்து, "பிள்ளைக்குக் கக்கூஸ் காட்டுங்க" என்றார். அதைக் கேட்டதும் அவசரத்தையும் மறந்து மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பள்ளியில் சொன்னால் ஆசிரியர் கண்டிக்கும் ஒல்லாந்துச் சொல் அது. அன்று மீதிப் பயணம் முழுவதும் அவளுக்கு அதே வேலையாயிற்று: கந்தோர், நொத்தாரிசு, போஞ்சி என்று நாங்கள் அன்றாடம் சொல்லும் சொற்களையெல்லாம் நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, அவற்றின் ஒல்லாந்து மூலத்தை அவளும் அண்ணனும் போட்டிபோட்டுக் கண்டுபிடித்தார்கள். வாய்க்காலைப் பற்றி நான் சொன்ன வரலாற்றைவிட இதுதான் அவர்கள் மனதில் பதிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் காசு வாங்க மறுத்து, மகளின் கையில் இரண்டு வாழைப்பழங்களையும் கொடுத்தனுப்பினார்கள். அன்புதான், ஆனால் ஒரு நகரம் தன் விருந்தினரின் அவசரத்தை முன்பின் அறியாத வீட்டாரின் நல்ல மனத்திடம் ஒப்படைத்துவிடக் கூடாது. துறையருகில் ஒரு கழிப்பறையும் படிகளுக்கு ஒரு கைப்பிடியும் அமைக்கப் பெருந்தொகை தேவைப்படாது. வழியில் கண்ட இரண்டு அறிவிப்புப் பலகைகளில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் ஒன்றில் இல்லை, மற்றொன்றில் இருந்ததை வாசித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தின் துணை தேவைப்பட்டது.

இரண்டு நாள் கழித்துத் தெற்கே முத்துராஜவெலவுக்கும் போனோம். பமுனுகமைக்கு அருகே போப்பிட்டியவில் உள்ள பார்வையாளர் நிலையத்திலிருந்து ஹமில்டன் கால்வாய் வழியாகக் கண்டல் காடுகளுக்குள் அழைத்துச் செல்கிறார்கள். களப்பும் சதுப்பும் சேர்ந்து சுமார் 6,000 ஹெக்டேர். சதுப்பின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை பார்க்க விரும்புவோர் அங்கே போகட்டும்; தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மனிதர்களையும் வீடுகளையும் பார்க்க விரும்புவோருக்கு வடக்குப் பக்கமே நல்லது. எதுவானாலும் காலை ஏழு மணிக்குள் புறப்படுவதே உகந்தது. பத்து மணிக்குப் பின் துணிக்கூரையின் கீழும் வெயில் பொறுக்க முடியாது.

உட்ரெக்ட் திரும்பும் முன் சனிக்கிழமைக்கு இன்னொரு முறை படகைப் பேசினேன். இம்முறை ஒரு மணி நேரம் மட்டும், சித்திக்காக. கைப்பிடி இல்லாத படிகளில் படகோட்டியும் அவர் மகனும் இரு பக்கமும் தாங்கிப் பிடித்து அவரை இறக்கினார்கள். கோயிலுக்குக் கட்டும் சேலை, மடியில் ஒரு தலையணை, கையில் வெற்றிலைப் பெட்டி. நகரத்தின் நாற்றம் பிடித்த பகுதியைக் கடக்கும்வரை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தபடி இருந்தார். தோப்புகள் தொடங்கியதும் தலைப்பை எடுத்தார். சிறுவயதில் உடன்படித்த ஒருத்தியின் வீட்டுப்படி வந்தபோது, வாசலில் நின்ற கிழவியை அடையாளம் கண்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இருவரும் படகுக்கும் படிக்குமாக அரை மணி நேரம் பேசினார்கள். படகோட்டியுடன் பேசி முடித்திருந்த ஒரு மணி நேரப் பயணம் ஒன்றரை மணியாயிற்று. நான் கூடுதல் பணத்தை நீட்டியபோது படகோட்டி வாங்கிக்கொள்ளவில்லை.